கஸ்டடி இல்லாத பெற்றோருக்கும் மதிப்பெண் அட்டை கொடுங்கள்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும், தனியார் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

குடும்ப நீதிமன்றங்களில் குழந்தைகள் தொடர்பான வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களும், அந்தக் குழந்தைகளோடு பேசும் ஆலோசகர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். பெற்றோர் பிரிந்து, பிள்ளை ஒருவரிடம் வளர்கிறது. மற்றவர் பள்ளிக்கு வந்து "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்கிறார். அலுவலகத்தில் அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க." இது தலைகீழ் நடைமுறை. தகவல் கொடுக்க உத்தரவு தேவையில்லை, மறுக்கத்தான் தேவை.

கஸ்டடி உத்தரவு முதன்மையாகத் தீர்மானிப்பது, பிள்ளை யாரோடு வசிக்க வேண்டும் என்பதை. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் வந்தாலும், எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் வந்தாலும் அப்படித்தான். கஸ்டடி கிடைக்காதவர் அப்பாவோ அம்மாவோ இல்லை என்று அது சொல்வதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 2-ஆம் பிரிவு, பெற்ற, மாற்று, தத்தெடுத்த தந்தை அல்லது தாய் என்றே பெற்றோரை வரையறுக்கிறது. யாரோடு பிள்ளை வசிக்கிறது என்ற நிபந்தனை அதில் கிடையாது. 'டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, தர முடியாது' என்று இப்போது புதிதாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறீர்கள். 2023-ஆம் ஆண்டின் அந்தச் சட்டமோ, தரவுக்கு உரியவர் குழந்தையாக இருந்தால் அதன் பெற்றோரையும் அந்த இடத்தில் சேர்த்துச் சொல்கிறது. அங்கேயும் கஸ்டடி பேச்சு இல்லை.

கஸ்டடி இல்லாதவருக்கும் பள்ளி தகவல் தர வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு நம் சட்டங்களில் இல்லை என்பது உண்மை. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டமும் அதன் விதிகளும், தடை செய்யும் நீதிமன்ற உத்தரவு போன்ற ஆவணம் இல்லாதவரை இரு பெற்றோருக்கும் முழு உரிமை தருகின்றன. கேட்ட 45 நாளுக்குள் பதிவுகளைக் காட்டவும் சொல்கின்றன. இங்கே அப்படி ஒரு வரி இல்லாததால், உங்கள் அலுவலக எழுத்தர் என்ன நினைக்கிறாரோ அதுவே சட்டமாகிவிடுகிறது.

இது அப்பாக்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பையனைத் தாத்தா வீட்டில் வைத்துக்கொண்டு, பள்ளியில் அத்தையின் போன் நம்பரைக் கொடுத்து, அம்மாவை வாசலோடு நிறுத்தும் குடும்பங்களும் உண்டு.

உங்கள் பயம் எங்களுக்குப் புரிகிறது. வருகிறவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? இங்கேதான் மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்புகின்றன. தகவல் பெறுவது ஒன்று, பிள்ளையைப் பள்ளியில் சந்திப்பது வேறு, கேட்டில் அழைத்துப்போவது முற்றிலும் வேறு. முதலாவதைத் தாராளமாகச் செய்யுங்கள். மற்ற இரண்டையும் உத்தரவில் இருக்கும் அளவுக்கு மட்டும் அனுமதியுங்கள். மதிய உணவு நேரத்தில் வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கேட்பவரிடம், சந்திக்கும் நேரத்தையும் இடத்தையும் நீதிமன்றத்தில் வாங்கி வரச் சொல்வதில் தவறே இல்லை. பள்ளி அதற்கான இடமும் இல்லை. வகுப்பில் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க நடக்கும் சந்திப்பு பிள்ளைக்குத் தண்டனைதான்.

மறுக்க எந்தக் காகிதம் போதும்? நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவின் சான்றிட்ட நகல் மட்டுமே. வக்கீல் நோட்டீஸ் உத்தரவு அல்ல. மனுவின் நகலும் உத்தரவு அல்ல. வழக்கு எண் இருப்பதாலேயே அது தீர்ப்பாகிவிடாது. உத்தரவு கையில் வந்தால் கடைசிப் பத்தியைப் படியுங்கள். தேதியையும், இடைக்காலமா இறுதியா என்பதையும் பாருங்கள். கஸ்டடி உத்தரவுகளைப் பின்னால் மாற்ற முடியும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை இருவரிடமும் புதிய உத்தரவு உண்டா என்று கேட்டுக் கோப்பில் வைப்பது நல்லது.

ஒரு வகை உத்தரவை மட்டும் மிகக் கவனமாகப் பாருங்கள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் 18-ஆம் பிரிவில், பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்தால், எதிர்த்தரப்பினர் அதன் பள்ளிக்குள் நுழைவதையே நீதித்துறை நடுவர் தடுக்கலாம். அந்த உத்தரவு வந்துவிட்டால் காவலாளி வரைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அதில் தொடர்புகொள்ளவும் தடை இருந்தால், தபாலில் எதையாவது அனுப்பும் முன்பு உத்தரவிட்ட நீதிமன்றத்தில் தெளிவு பெறச் சொல்லுங்கள்.

என்ன தரலாம்? மதிப்பெண் அட்டை, வருகைப்பதிவு, தேர்வு அட்டவணை, பெற்றோர் கூட்டத் தேதி, சுற்றறிக்கை, பள்ளியில் அடிபட்டால் அந்தச் செய்தி. எதைத் தரக்கூடாது என்பதில்தான் பள்ளிகள் சறுக்குகின்றன. பிள்ளையை வளர்ப்பவரின் முகவரி, போன் எண், வேலையிடம் எதுவும் கேட்பவருக்குப் போகக்கூடாது. சேர்க்கை விண்ணப்பத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் இவை எல்லாமே போய்விடும். வேன் நிறுத்தமும் நேரமும் முகவரிக்குச் சமம். பள்ளி ஆப்பில் வேன் எங்கே போகிறது என்று காட்டும் வசதி இருந்தால், அந்த லாகினை இன்னொருவருக்குக் கொடுப்பது வீட்டு வாசலைக் காட்டிக்கொடுப்பதுதான். ஆப்பைத் தவிர்த்து மாதம் ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்புங்கள். ஆலோசகரிடம் பிள்ளை மனம்விட்டுச் சொன்னதை எந்தப் பெற்றோருக்கும் குறிப்பாக எழுதித் தர வேண்டாம்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருவரையும் சேர்த்தால் எண்கள் வெளிப்படும். நள்ளிரவில் அங்கேயே சண்டையும் நடக்கும். பிராட்காஸ்ட் பட்டியல் போதும். அதில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் பள்ளியின் எண்ணைத் தன் போனில் சேமித்திருப்பவருக்குத்தான் செய்தி போய்ச்சேரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸ் பதிவில் இருக்கும் கைபேசி எண் யாருடையதோ அவருக்குத்தான் குறுஞ்செய்தி போகும். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு முடிவும் பள்ளியில் கொடுத்த எண்ணுக்கே வரும். மற்றவர் இணையத்தில் பார்க்க வேண்டுமென்றால் தேர்வு எண் வேண்டும். ஹால் டிக்கெட் வந்ததும் அந்த எண்ணை அவருக்கும் ஒரு வரியில் அனுப்புவதால் யாருக்கும் நட்டமில்லை.

அடுத்தது, நீதிமன்றத்தில் அடிக்கடி எதிர்ப்படும் ஒரு சான்றிதழ். 'இவர் ஒரு பெற்றோர் கூட்டத்துக்கும் வந்ததில்லை' என்று பள்ளி ஒரு தரப்புக்கு எழுதித் தருகிறது. அந்தக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டீர்களா என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் பதில் இருக்காது. இப்படிச் சான்று தருவதைத் தவிருங்கள். தந்தே ஆக வேண்டுமென்றால் அழைப்பு எந்த எண்ணுக்குப் போனது என்பதையும் எழுதுங்கள். பாதுகாப்பான வழி, ஒரே காகிதத்தை ஒரே நாளில் இருவருக்கும் அனுப்புவது. வாய்மொழியாக எதுவும் வேண்டாம். யார் ஃபீஸ் கட்டுகிறார் என்பதையும் இதில் கலக்க வேண்டாம். ஃபீஸ் ரசீது மதிப்பெண் அட்டைக்கு டிக்கெட் அல்ல.

மாற்றுச் சான்றிதழைப் பொறுத்தவரை, 'டிசி கொடுக்காதீர்கள்' என்று ஒருவர் கடிதம் கொடுத்தார் என்பதற்காக நிறுத்திவைக்காதீர்கள். அதை உடனே தரச் சொல்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. பாதிப்பு பிள்ளையின் படிப்புக்குத்தான். டிசி வாங்கப்பட்டது என்று மற்றவருக்குத் தெரிவித்தால் போதும். எந்தப் பள்ளிக்கு என்பதை, மேலே சொன்ன குடும்ப வன்முறைச் சட்டப் பாதுகாப்பு உத்தரவு இருந்தால் சொல்ல வேண்டாம்.

கேட்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கவுண்டரில் சத்தம் போட்டால் அது அடுத்த மனுவில் உங்களுக்கு எதிராகவே வரும். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு, என்னென்ன வேண்டும், உங்கள் மின்னஞ்சல் ஆகியவை அதில் இருக்கட்டும். உங்கள் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ் நகல், அடையாள அட்டை நகல், இருக்கும் எல்லா உத்தரவுகளின் நகல் ஆகியவற்றை இணையுங்கள். உங்களுக்குச் சாதகமில்லாத உத்தரவையும் மறைக்காதீர்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கும், பிறகு முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். தகவல் உரிமை மனு இதற்கு நல்ல வழி அல்ல. சுயநிதிப் பள்ளிகளிடம் பொதுவாக நேரடியாகக் கேட்க முடியாது; அரசுப் பள்ளியிலும் தனிநபர் தகவல் என்று 8-ஆம் பிரிவைக் காட்டுவார்கள். நீதிமன்றத்தில் இடைக்கால மனு போடும்போதே, சந்திக்கும் நேரத்தோடு 'பள்ளிப் பதிவுகளை இரு தரப்பும் பெறலாம்' என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். வக்கீல்கள் பலர் மறந்துவிடும் வரி அது.

பள்ளிக்கல்வித் துறைக்கு எங்கள் கோரிக்கை சிறியது. சேர்க்கைப் படிவத்தில் தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியாகக் கைபேசி, மின்னஞ்சல், முகவரிக் கட்டங்கள் வேண்டும். 'தடை உத்தரவு உண்டா, தேதி என்ன' என்று ஒரு கட்டமும் வேண்டும். இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த விவரங்களைக் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே வாங்கிவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பில் 18 வயது நிரம்பியவர்களிடம் மட்டும், யாருக்கு அனுப்பலாம் என்று அவர்களையே கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர்களும் குழந்தைகள் ஆலோசகர்களும்