பாமணியாற்றங்கரை அந்தோணியார் கோயிலைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே சீரமைக்க நிதி கோரும் மனு

அனுப்புநர்
புனித அந்தோணியார் ஆலயப் பங்கு மக்களும் ஊர்ப் பொதுமக்களும்,
பாமணியாற்றங்கரை,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவாரூர்.

பொருள்: பழமையான பங்குக் கோயிலைச் சீரமைக்க அரசு மானியம் வழங்கவும், பணியை மரபு முறையில் செய்ய மதிப்பீடு தயாரிக்கவும், பட்டாப் பெயர்த் திருத்தம் செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் அந்தோணியார் கோயிலின் கூரை பெயர்ந்து விழத் தொடங்கியிருக்கிறது. வடபுறத்தில் கயிறு கட்டி, யாரும் அந்தப் பக்கம் போகாதபடி தடுத்து வைத்திருக்கிறோம். ஞாயிறு திருப்பலி வெளியே தகரக் கொட்டகையில் நடக்கிறது. வெயில் நாளில் முதியவர்களால் அங்கே அரை மணி நேரம்கூட உட்கார முடிவதில்லை. இந்தக் கோயிலை அரசின் தேவாலயச் சீரமைப்பு மானியத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்கவே இம்மனுவை எழுதுகிறோம். நிதி கிடைத்தால் மட்டும் போதாது, வேலை எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதிலும் தாங்கள் தலையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கோயில் கூரை, கொத்தனார்கள் மெட்ராஸ் தளம் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. தேக்கு உத்திரங்களும் அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்களும் இருக்கின்றன. சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பிடித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளமும், கடைசியாகத் தட்டோடும் (தட்டையான சுட்ட ஓடு) பதித்திருக்கிறார்கள். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நின்ற கூரை இது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, கோயிலை ஒட்டி நின்ற தென்னை ஒன்று கைப்பிடிச் சுவரின் மேல் சாய்ந்தது. சுவர் இடிந்து, தட்டோடு நொறுங்கி, வடபுறத் தளத்தில் வெடிப்பு விட்டது. தார்ப்பாய் விரித்துப் பார்த்தோம். ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. இப்போது மூன்றாவது உத்திரத்தின் சுவருக்குள் பதிந்த முனையைக் கட்டை விரலால் அழுத்தினால் மரம் ஈரப் பஞ்சாக உள்ளே போகிறது. மற்ற உத்திரங்கள் நன்றாக இருப்பதாகவே அனுபவமுள்ள தச்சர்கள் பார்த்துச் சொன்னார்கள். முழுக் கூரையையும் எடுக்க வேண்டிய தேவை இல்லை என்பது அவர்கள் கருத்து.

அந்தப் புயல் இரவில் கோயிலுக்குள் இருந்தவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டும் அல்லர். ஊரில் கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளும் ஒவ்வொன்றாகச் சிதறத் தொடங்கியபோது, எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்தச் சாமி என்று பாராமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடி வந்த இடம் இதுதான். இரண்டு முழத்துக்கும் மேல் தடித்த சுவர்களுக்கு நடுவே, பீடத்தின் படிகளிலும் பெஞ்சுகளுக்கு அடியிலுமாகப் படுத்திருந்தோம். வெளியே தென்னைகள் முறியும் ஓசை விடியும் வரை கேட்டது. மின்சாரம் இல்லாத அடுத்த வாரங்களில் கோயில் வளாகத்தில்தான் அடுப்பு எரிந்தது. நிவாரண அரிசி இறங்கியதும், மருத்துவ முகாம் நடந்ததும் இங்கேதான். இன்னொரு புயல் வந்தால் ஊர் எங்கே போகும் என்ற கேள்விக்கு இன்று எங்களிடம் பதில் இல்லை.

சாதாரண நாளிலும் இது ஊருக்குப் பொதுவான இடம். செவ்வாய்க்கிழமை நவநாள் வழிபாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறும் குங்குமமும் வைத்தவர்கள். காணாமல் போன மாடு கிடைக்கவும், குழந்தைக்குக் காய்ச்சல் தணியவும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். அந்தோணியார் திருவிழா ஜூன் 13. மேட்டூர் அணை திறப்புக்கென்று வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் ஜூன் 12. தண்ணீர் குறித்த நாளில் திறந்த ஆண்டுகளில் எங்கள் தேர்ப்பவனியில் குறுவைக்கான மகிழ்ச்சியும் சேர்ந்தே ஊர்வலம் வரும். திருவிழா அசனத்துக்கு, அதாவது பொது விருந்துக்கு, அரிசி கொடுக்கிறவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஊரில் விடுபட்ட வீடு இராது. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் யாத்திரிகர்கள் கோயில் திண்ணையில் இரவு தங்குவார்கள். அவர்களுக்கு ஒரு கழிப்பறைகூட இல்லாமல், பெண்கள் இருட்டில் வயல் வரப்பைத் தேடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்குப் பெரிய வேதனை.

இனி, நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டிய செய்திக்கு வருகிறோம். முதலில் எங்களுக்குத் தயாரித்துத் தரப்பட்ட மதிப்பீட்டில், பழைய தளம் முழுவதையும் உடைத்துவிட்டுக் கான்கிரீட் தளம் போடுவதாகவும், சுவர்களின் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசுவதாகவும் இருந்தது. தயாரித்தவரைக் குறை சொல்லவில்லை. கையில் இருக்கும் விலைப் பட்டியலில் உள்ள வேலையைத்தானே அவர் எழுத முடியும்? ஆனால் அந்த மதிப்பீட்டின்படி வேலை நடந்தால் இந்தக் கோயில் எங்கள் பிள்ளைகள் காலத்துக்கு நிற்காது.

காரணம் எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. இது வண்டல் களிமண். சம்பா, தாளடி வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் கோயில் அடிவாரம் முழுவதும் ஈரம் ஊறும். கோடையில் அதே மண் சுருங்கி வெடிக்கும். இந்த ஈரத்தைச் செங்கல் சுவர் உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடுகிறது. மண்ணின் அசைவுக்குச் சுண்ணாம்புச் சாந்தும் சிறிது இடம் கொடுக்கிறது. சிமென்ட் பூச்சோ ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து வைக்கிறது. அடைபட்ட ஈரம் உப்போடு மேலே ஏறுகிறது. இது ஏட்டில் படித்த செய்தி அன்று. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பழுதுபார்ப்பில் தென்சுவரின் உட்புறம் ஆளுயரத்துக்குச் சிமென்ட் பூசப்பட்டது. அந்தப் பூச்சுக்கு மேலே, சன்னல் உயரம் வரை இன்று உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்கிறது. கையால் தடவினால் செம்பொடி ஒட்டிக்கொள்ளும். சிமென்டே படாத வடசுவரில் கூரை ஒழுகிய தடம் இருக்கிறது, உப்பு இல்லை. தாங்கள் நேரில் வந்தால் இரண்டு சுவர்களையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் எங்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கான்கிரீட் தளத்தின் எடையைச் சுண்ணாம்புச் சுவர் தாங்குமா என்ற கவலையும் உண்டு. ஈரம் ஏறும் சுவரில் உட்காரும் கான்கிரீட்டின் கம்பி துருப்பிடித்துப் பருத்து, தளத்தையே பிளக்கும். எனவே கெட்டுப்போன உத்திரத்தையும் சட்டங்களையும் மட்டும் மாற்றி, வடபுறத் தளத்தைப் பழைய முறையிலேயே மறுபடி கட்டி, தென்சுவரின் சிமென்டை நீக்கிச் சுண்ணாம்பு பூசி, கூரைத் தண்ணீர் அடிவாரத்தில் தேங்காமல் வாய்க்காலுக்குப் போக வடிகால் அமைத்தால் போதும் என்பது எங்கள் வேண்டுகோள்.

இந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நம் பகுதியிலேயே இருக்கிறார்கள். கும்பகோணத்தை அடுத்த துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலில் மரபு முறையில் நடந்த திருப்பணிக்கு, 2024 இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. டெல்டாவுக்கே பெருமை சேர்த்த செய்தி அது. சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து தயாரிக்கும் கைப்பக்குவம் அழிந்துவிடவில்லை. பொதுப்பணித்துறையிலும் மரபுக் கட்டடங்களைப் பேணுவதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கிருந்து ஒரு பொறியாளரை அனுப்பி மதிப்பீட்டைப் புதிதாகத் தயாரிக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

சொந்தக் கட்டடத்தில் இயங்கும் தேவாலயங்களைப் பழுதுபார்க்க 2016-17 முதல் அரசு மானியம் தருகிறது. 20 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை பெறலாம். கழிப்பறை, குடிநீர் வசதிகளுக்கும் அதில் இடம் உண்டு. சீரமைப்புக்காக வெளிநாட்டிலிருந்து எவ்வித நிதியும் நாங்கள் பெறவில்லை. இத்திட்டத்தில் இதற்கு முன் உதவி பெற்றதும் இல்லை. அப்படியிருந்தும் எங்கள் விண்ணப்பம் இரண்டு காரணங்கள் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டது.

ஒன்று, கட்டடத்தின் வயதுக்குச் சான்று இல்லை என்பது. முகப்பில் பொறித்திருந்த ஆண்டு அடுத்தடுத்த வெள்ளையடிப்பில் மறைந்துபோயிற்று. ஆனால் பங்கு அலுவலகத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றன. மை பழுப்பேறி, ஓரம் பூச்சி அரித்த தாள்களில், லத்தீன் வாசகங்களுக்கு நடுவே எங்கள் கொள்ளுப்பாட்டன்மாரின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறோம். பொறியாளர் கட்டடத்தைப் பார்த்து வயதுச் சான்று வழங்கலாம். 20 ஆண்டுகளைக் கடந்த கட்டடமா என்பதை மெட்ராஸ் தளமும் தேக்கு உத்திரமுமே சொல்லிவிடும்.

மற்றொன்று, பட்டா பழைய மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் ஆளுகையில் உள்ள திருச்சபைப் பகுதியின்) பெயரில் இருப்பது. தஞ்சை மறைமாவட்டம் 1952 இல்தான் அமைந்தது. அதற்கு முன் இப்பகுதி மயிலை (மயிலாப்பூர்) மறைமாவட்டத்தின் கீழ் இருந்தது. ஆகவே இது உரிமைத் தகராறு அன்று, பெயர் மாற்றாமல் விட்டுப்போன பதிவு. நிலத்துக்கு யாரும் மாற்று உரிமை கோரவில்லை. வட்டாட்சியர் வழியாக விசாரித்துத் திருத்தம் செய்து, அதுவரை விண்ணப்பத்தை நிலுவையில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். மறுபடி நிராகரித்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கூரை அதுவரை பொறுக்காது.

தரங்கம்பாடியில் 1718 இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தையும், தஞ்சை சிவகங்கைப் பூங்காவில் உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தையும் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். மறைந்த ஜெர்மானிய மதபோதகர் சுவார்ட்ஸ் ஐயருக்காக இரண்டாம் சரபோஜி மன்னர் லண்டன் சிற்பியைக் கொண்டு பளிங்குச் சிற்பம் செய்வித்த மண் இது. ஒரு சமயத்தவர் மற்றொரு சமயத்தவரின் கோயிலைத் தம்முடையதாகக் கருதுவது இங்கே புதிதன்று. பெயர்பெற்ற ஆலயங்களைப் பற்றிப் பேச ஆட்கள் உண்டு. வயல்களுக்கு நடுவே நிற்கும் எங்களுடையதைப் போன்ற சிறிய பங்குக் கோயில்களுக்காக அந்தந்த ஊர்க்காரர்கள்தான் பேச வேண்டியிருக்கிறது. அதனால்தான் இம்மனுவில் கிறிஸ்தவக் குடும்பங்களோடு மற்றவர்களும் கையொப்பம் இட்டிருக்கிறார்கள்.

எங்கள் பங்களிப்பையும் சொல்லிவிடுகிறோம். மானியத்துக்கு மேல் ஆகும் செலவை ஊரில் வசூலித்துத் தருவோம். கஜாவில் விழுந்த தேக்கு மரத்தை அறுத்து ஒரு விவசாயி தம் களத்துக் கொட்டகையில் காயவைத்திருக்கிறார். உத்திரத்துக்கு அதை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அறுவடை முடிந்த மாதங்களில் சித்தாள் வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வருவார்கள். வேலை முடிந்ததும் கோயிலை ஒட்டிய பழைய உபதேசியார் (மறைக்கல்வி கற்பிப்பவர்) வீட்டை மாலைப் படிப்பகமாகத் திறந்துவிடவும், மழைக்கால ஆபத்தில் கோயிலைப் புயல் தங்குமிடமாக வருவாய்த் துறையின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவும் பங்குப் பேரவை எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் தந்திருக்கிறது. அந்தத் தீர்மானத்தின் நகலும் இணைப்பில் உள்ளது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பொறியாளரும் வட்டாட்சியரும் சேர்ந்து தலத்தைப் பார்வையிடத் தேதி குறித்துத் தருமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். இந்த மழைக்குள் நிரந்தர வேலை தொடங்க இயலாது என்றால், வடபுற உத்திரங்களுக்கு முட்டுக் கொடுக்கவும் தளத்தின் மேல் தற்காலிகத் தகரக் கூரை போடவும் அனுமதியும் உடனடி உதவியும் வழங்க வேண்டும். பார்வையிட வரும் தேதியை ஒரு நாள் முன்னதாகத் தெரிவித்தால், ஏணியோடும் பதிவேடுகளோடும் உபதேசியாரும் ஊர்ப் பெரியவர்களும் கோயிலில் காத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
புனித அந்தோணியார் ஆலயப் பங்கு மக்களும் ஊர்ப் பொதுமக்களும்
(கையொப்பங்கள் தனித்தாளில்)