சோர்ஸ் சிஸ்டம் எழுதுற டெவலப்பர் மக்களுக்கு, உங்க "அப்டேட்டட் அட்" ஃபீல்டு பத்தி ஒரு திறந்த மடல்

வணக்கம் மக்களே. அப்ளிகேஷன் எழுதுறவங்க, ஏபிஐ டிசைன் பண்றவங்க, டேட்டாபேஸ் பாத்துக்கறவங்க எல்லாருக்கும் சேத்துத்தான் இது. உங்க டேட்டாவை எடுத்து இன்னொரு சிஸ்டத்துல சேக்குற இன்டக்ரேஷன் ஆளுங்க சார்பா எழுதுறேன் (யாரும் என்னைய எழுதச் சொல்லல, நானா எடுத்துக்கிட்ட பொறுப்புதான்).

டேபிள்ல கோடிக்கணக்குல ரெக்கார்டு இருக்கும், ஒரு நாளைக்கு மாறுறது சில ஆயிரம்தான். அதுக்காக தினமும் முழுசா இழுத்தா உங்க சர்வரும் பாவம் எங்க நெட்வொர்க்கும் பாவம். அதனால போன தடவை எதுவரைக்கும் எடுத்தோம்னு ஒரு வாட்டர்மார்க் வெச்சுக்கிட்டு, அதுக்கப்புறம் மாறினதை மட்டும் குடுன்னு கேக்குறோம். இந்த மொத்த ஏற்பாடும் நீங்க குடுக்குற அந்த ஒரே ஒரு "அப்டேட்டட் அட்" டைம்ஸ்டாம்ப்பை, அதாவது ரெக்கார்டு கடைசியா மாறின நேரத்தை நம்பித்தான் ஓடுது. அதை நம்பலாமான்னு கேட்டா மட்டும் யாரும் வாயே தொறக்க மாட்டேங்கறீங்க.

பெரிய தலைவலியை முதல்ல சொல்லிடறேன். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல நவ் ஃபங்ஷன் குடுக்குறது டிரான்சாக்ஷன் (ஒண்ணா சேத்துப் பண்ற மாற்றங்களோட தொகுப்பு) ஆரம்பிச்ச நேரம், அது கமிட் ஆகி, அதாவது உறுதியாகி, மத்தவங்க கண்ணுக்குத் தெரியுற நேரம் கிடையாது. உங்க டிரான்சாக்ஷன் ஒண்ணு 10:00:00-க்கு ஆரம்பிச்சு 10:06-க்கு கமிட் ஆகுதுன்னு வைங்க. நடுவுல 10:05-க்கு எங்க ஜாப் வந்து படிக்குது, அந்த ரெக்கார்டு இன்னும் கமிட் ஆகலைங்கறதால கண்ணுக்கே தெரியாது, வேற ஒரு ரெக்கார்டோட 10:04:58-ஐ வாட்டர்மார்க்கா எழுதி வெச்சுட்டு போயிடுது. அடுத்த தடவை 10:04:58-க்கு மேல இருக்கறதைத்தான் கேப்போம், ஆனா அந்த ரெக்கார்டு 10:00:00-னு முத்திரை குத்திக்கிட்டு உக்காந்திருக்கு, திரும்ப யாராவது அதைத் தொடுற வரைக்கும் வரவே வராது. எரர் வராது, எங்க ஜாப் லாக்ல சக்சஸ்னு இருக்கும், மாசக் கடைசியில கணக்கு இடிக்குதுன்னு ஒருத்தர் கத்தும்போதுதான் தெரியும். இதுக்குத்தான் நாங்க வாட்டர்மார்க்ல இருந்து கொஞ்சம் பின்னாடி போயி மறுபடி எடுக்குறோம், ப்ரைமரி கீ (ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் இருக்கற தனி அடையாளம்) வெச்சு அப்சர்ட் பண்றதால, அதாவது ஏற்கெனவே இருந்தா மாத்தி இல்லேன்னா புதுசா சேக்குறதால, ரெண்டு தடவை வந்தாலும் பரவால்ல. ஆனா எவ்ளோ பின்னாடி போகணும்? உங்க டிரான்சாக்ஷன் அதிகபட்சம் எவ்ளோ நேரம் ஓடும்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும், அது உங்களுக்குத்தான் தெரியும், டாகுமென்ட்ல ஒரு வரி எழுதி வெச்சா என்ன.

அடுத்தது, அந்த டைம்ஸ்டாம்ப்பை மாத்துறது யாரு? அப்ளிகேஷன் கோடா, டேட்டாபேஸா? ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்ல குவெரிசெட் மேல அப்டேட் அடிச்சு மொத்தமா மாத்தினா ஆட்டோ நவ் (நேரத்தை தானா போடுற வசதி) வேலை செய்யாது, ரெயில்ஸ் ஃப்ரேம்வொர்க்ல அப்டேட் ஆல் போட்டாலும் அதே கதைதான், நேரா எஸ்கியூஎல் அடிச்சு "டேட்டா ஃபிக்ஸ்" பண்றவங்களைப் பத்தி சொல்லவே வேணாம். வேல்யூ மாறியிருக்கும், நேரம் மட்டும் பழசாவே இருக்கும். தயவுசெஞ்சு அந்த வேலையை டேட்டாபேஸ் கையில குடுங்க, ட்ரிகர் (ரெக்கார்டு மாறும்போது தானா ஓடுற கோடு) போடுங்க, மைஎஸ்கியூஎல்னா டேபிள் டெஃபினிஷன்லயே ஆன் அப்டேட்னு சொல்லிடலாம். இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம் இருக்கு, ஒரு புது ஃபீல்டுக்கு டீஃபால்ட் போடறேன்னு டேபிள் முழுக்க எல்லா ரெக்கார்டோட நேரத்தையும் மாத்தி விட்டுடுவாங்க, அன்னிக்கு எங்க இன்க்ரிமென்டல் ஜாப் ஃபுல் லோடா மாறி விடிய விடிய ஓடும்.

அப்புறம் டிலீட். இல்லாமப் போன ரெக்கார்டு "நான் மாறிட்டேன்"னு எப்படி வந்து சொல்லும்? ஒண்ணு சாஃப்ட் டிலீட் பண்ணி, அதாவது நிஜமா அழிக்காம நீக்கினதுன்னு ஒரு ஃபிளாக் போட்டு, கூடவே நேரத்தையும் மாத்துங்க, இல்ல டிலீட் ஆன ஐடி லிஸ்ட்டை தனியா குடுங்க. செய்ய முடியாத விஷயம் ஒண்ணும் இல்ல இது, மைக்ரோசாஃப்ட் கிராஃப் ஏபிஐல டெல்டா குவெரி (மாறினதை மட்டும் கேக்குறது) போட்டா நீக்கினதும் சேந்தேதான் வருது. கூகுள் காலண்டர்ல ஒரு சிங்க் டோக்கன் (எதுவரைக்கும் எடுத்தோம்ங்கறதுக்கு அடையாளம்) குடுப்பாங்க, அது காலாவதி ஆயிடுச்சுன்னா 410 எரர் வரும், முதல்ல இருந்து ஃபுல்லா எடுத்துக்கோன்னு அர்த்தம். எனக்கு ரொம்பப் பிடிச்ச எரர் அதான். சத்தமில்லாம பாதி டேட்டா குடுக்கறதை விட மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்றது எவ்ளோ மேல்.

இன்வாய்ஸ்ல ஒரு லைன் மாறினா ஹெடர்லயும் நேரம் மாறுமா இல்லையான்னும் சொல்லிடுங்க. நேரத்தை யுடிசில (உலகப் பொது நேரம்) வைங்க. அந்த ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் போடுங்க, இன்டெக்ஸ் இல்லாத ஃபீல்டுல நாங்க கால் மணிக்கு ஒரு தடவை ஃபில்டர் போட்டா உங்க டேட்டாபேஸ் திணறத்தான் செய்யும், அதுக்கு எங்களைத் திட்டி மெயில் போடாதீங்க.

இவ்ளோ புலம்பறதுக்கு பேசாம டேட்டாபேஸ் தன்னோட ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வெக்கிற லாக்கைப் படிக்க வேண்டியதுதானே, அதைப் படிச்சுக் குடுக்குற டெபீசியம் டூலைப் போட்டுக்கன்னு சிலர் சொல்லுவீங்க. போடலாம், கமிட் வரிசையில வரும், டிலீட்டும் வரும், அருமையான வழிதான். ஆனா அதுக்கு வேண்டிய பெர்மிஷன் கேட்டா செக்யூரிட்டி டீம் கிட்ட போகச் சொல்றது நீங்கதான். அதுலயும் போஸ்ட்கிரெஸ்ல ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நாங்க படிக்கற வரைக்கும் லாக்கை அழிக்காம வெக்கிற ஏற்பாடு) வெச்சுட்டு எங்க பக்கம் ஜாப் நின்னு போச்சுன்னா, வால் (WAL) எனும் அந்த லாக் ஃபைல் குவிஞ்சுக்கிட்டே போயி உங்க டிஸ்க்கை நிரப்பிடும், நடுராத்திரி ஃபோன் உங்களுக்குத்தான் வரும். வெறும் ஏபிஐ மட்டும் குடுக்கற கிளவுட் சாஃப்ட்வேர்ல லாக்கை எங்க போயி படிக்கறது?

எங்க பக்கம் செய்ய வேண்டியதை செய்யறோம். டேட்டா முழுசா ஏறின அப்புறம்தான் வாட்டர்மார்க்கை நகத்துறோம், வாரம் ஒரு தடவை ரெண்டு பக்கமும் கீ வெச்சு ஒப்பிட்டுப் பாக்குறோம். நீங்க டேட்டா ஃபிக்ஸ் ஸ்கிரிப்ட் ஓட்டுறதுக்கு முன்னாடி எங்க டீமுக்கு ஒரு மெசேஜ் தட்டி விடுங்க, எந்த டேபிள், எத்தனை மணிக்குன்னு மட்டும் சொன்னா போதும், மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.

இப்படிக்கு,
உங்க டேபிளை கால் மணிக்கு ஒரு தடவை எட்டிப் பாக்குற ஒருத்தன்