கூரை உயரத்தை மறந்துவிடாதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நகரச் சண்டைப் பயிற்சியில் பேட்டரிக்கு, அதாவது பீரங்கிக் குழுவுக்கு, இலக்குத் திட்டம் போடும் பொறுப்பு உன்னுடையது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். கொஞ்சம் பயமும்தான்.

திறந்தவெளியில் பழகிய கை நகரத்தில் தடுமாறும். தாழ்வான கோணத்தில் சுட்டால் கட்டடமே குண்டை மறித்துவிடும். அதன் பின்னால், உயரத்தைப்போல் சுமார் 5 மடங்கு தூரம் நமக்கு எட்டாது. 20 மீட்டர் கட்டடம் என்றால் 100 மீட்டர். நிமிர்த்திச் சுட்டால் அது 10 மீட்டராகச் சுருங்கும். குண்டைச் செங்குத்தாக மேலே எறியும் குட்டைக் குழல் மோர்ட்டாருக்கு அங்கே மவுசு அதனால்தான். ஆனால் அப்படிப் போகும் குண்டு வானத்தில் அதிக நேரம் இருக்கும், காற்று தள்ளும், எதிரி ரேடாரும் சுலபமாகப் பிடித்துவிடும்.

உன் வயதில் நான் செய்த தப்பு ஒன்று. மொட்டைமாடியில் இருந்த இலக்குக்கு, வரைபடத்தில் கண்ட தரைமட்ட உயரத்தையே எழுதிக் கொடுத்தேன். நல்லவேளை, காகிதக் கணக்கு. பயிற்றுநர் பென்சிலால் குண்டின் பாதையை வரைந்தார். கோடு முன்னாலிருந்த வீட்டுக்குள் போய் நின்றது. "இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து இலக்குகளைக் குறிப்பதற்கு முன்பே சுடக்கூடாத இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டுவிடுவேன்: மருத்துவமனை, பள்ளி, கோயில், தண்ணீர்த் தொட்டி. 1977 ஜெனீவா முதலாம் கூடுதல் நெறிமுறையின் 57ஆவது பிரிவை ஒருமுறை நிதானமாகப் படி. பொதுமக்கள் விஷயத்தில் முன்னெச்சரிக்கை எடுப்பது திட்டம் போடுகிறவரின் கடமை என்கிறது. அப்புறம், பழைய வரைபடத்தை நம்பாதே. ட்ரோன் படத்தோடு ஒப்பிட்டுப் பார். தெருவுக்கு இந்தப் பக்கம் நம் ஆள், அந்தப் பக்கம் எதிரி என்றால் 40 கிலோவுக்கு மேல் எடையுள்ள 155 மி.மீ. பீரங்கிக் குண்டைக் கூப்பிட முடியாது. அதற்கு வேறு ஆயுதம் எது என்று முன்கூட்டியே காலாட்படையோடு பேசி வை.

இடித்துத் தள்ளினால் வேலை முடிந்தது என்பார்கள் சிலர். 1944 பிப்ரவரி 15 அன்று இத்தாலியின் மோன்டே காசினோ மடத்தை நேச நாட்டுப் படைகள் குண்டு போட்டுத் தகர்த்தன. அதற்குப் பிறகுதான் ஜெர்மன் பாராசூட் படை இடிபாடுகளுக்குள் வந்து உட்கார்ந்தது. அந்தக் கல்குவியல் கைக்கு வர மே 18 ஆகிவிட்டது.

பயிற்சி முடிந்ததும் போன் செய். அம்மாவிடம் வெறும் வகுப்பறைப் பாடம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்; நீயும் அப்படியே சொல்.

அப்பா