நர்சிங் ஹோம் உரிமம்: எல்லா ஆபீசர்களும் ஒரே நாளில் வாருங்கள்

மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், நர்சிங் ஹோமுக்குச் சான்று தருகிற மற்ற துறைகளுக்கும்,

வணக்கம்.

நான் மகப்பேறு மருத்துவர். என் கணவர் மயக்க மருந்து டாக்டர். ஒரு தாலுகா ஊரில் 10 படுக்கை பிரசவ ஆஸ்பத்திரி தொடங்க 14 மாதமாக அலைகிறோம். கட்டடம் தயார். லேபர் ரூமில் டேபிள் போட்டாயிற்று. கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் வந்த பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. பேங்க் தவணை மட்டும் மாதம் தவறாமல் போகிறது. எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு ராத்திரியில் அவசரமாக சிசேரியன் என்றால், இன்றைக்கும் 40 கிலோமீட்டர் ஆம்புலன்சில் போக வேண்டும்.

விதியைத் தளர்த்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லேயே வந்தது. அதற்கான விதிகள் வந்தது 2018-ல்தான். நடுவில் போன 21 வருடத்தை நல்ல காலம் என்று எந்த டாக்டரும் சொல்லக் கூடாது. 2024 மே மாதம் டெல்லி விவேக் விஹாரில் பச்சிளம் குழந்தைகள் மருத்துவமனை எரிந்தபோது, அதன் உரிமம் மார்ச்சிலேயே முடிந்திருந்தது. அதே வருடம் டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து, லிஃப்டில் சிக்கியவர்கள் உட்பட 6 பேர் இறந்தார்கள். மறுநாள் காலையில் நானும் என் கணவரும் எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் போய் நின்றோம்.

அன்றைக்கே ஒரு சோதனை செய்து பார்த்தோம். எங்களிடம் வேலைக்குச் சேர இருந்த பையனை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, மாடியிலிருந்து நான்கு பேர் தூக்கி இறக்கினோம். முதல் திருப்பம் தாண்டியது. இரண்டாவது திருப்பத்தில் ஸ்ட்ரெச்சரின் முனை சுவரில் முட்டி நின்றது. சாய்த்துப் பார்த்தோம், அந்தப் பையன் சரியத் தொடங்கினான். அவன் இடத்தில் வயிற்றில் தையல் போட்ட பெண் இருந்தால்? தீயணைப்புத் துறை அதிகாரி வந்து, "வெளிப்பக்கம் இன்னொரு படிக்கட்டு வேண்டும்" என்று சொன்னபோது எங்களுக்குக் கோபமே வரவில்லை. அவர் சொன்னது சரி.

சரி என்று இரும்புப் படிக்கட்டு போட்டோம். ஸ்ட்ரெச்சர் தாராளமாக இறங்கியது. அப்புறம்தான் சிக்கல். சுகாதாரச் சான்றுக்காகப் பார்க்க வந்த உள்ளாட்சி அதிகாரிகள், செட்பேக்காக, அதாவது கட்டடத்தைச் சுற்றிக் கட்டாமல் விட வேண்டிய காலி இடத்தில் படிக்கட்டு வந்திருக்கிறது, ஒப்புதல் வாங்கிய பிளானில் இது இல்லை, எடுத்துவிடுங்கள் என்றார்கள். எடுத்தால் தீயணைப்புச் சான்று இல்லை. எடுக்காவிட்டால் சுகாதாரச் சான்று இல்லை. இரண்டும் இல்லாமல் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் ஆபீசில் ஆஸ்பத்திரிக்குப் பதிவு இல்லை. தீயணைப்பு ஆபீசுக்கும் உள்ளாட்சி ஆபீசுக்கும் நடுவில் நடந்தால் பத்து நிமிடம். ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சொல்கிற வேலையை 5 மாதமாக நாங்கள்தான் செய்கிறோம். யாரும் லஞ்சம் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அவரவர் விதிப்படி அவரவர் சரியாகத்தான் இருக்கிறார்கள்.

ஸ்கேனிலும் இதே கதைதான். பதிவு இல்லாத இடத்துக்கு ஸ்கேன் மெஷின் விற்கக் கூடாது என்பது சட்டம். பெண் சிசுவைக் காப்பாற்ற வந்த சட்டம், ஒரு எழுத்துகூடக் குறைக்க வேண்டாம். ஆனால் பதிவுக்கான விண்ணப்பத்தில் மெஷினின் கம்பெனி, மாடல் எல்லாம் கேட்கிறார்கள். கொட்டேஷன் போதுமா, பில் வேண்டுமா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில். எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், மருந்துக் கடைக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இவை தனி.

மருத்துவக் கழிவு விஷயத்தில் மட்டும் எங்களுக்குத் தெளிவு இருந்தது. 2016 விதிகளில் எல்லாம் எழுதியிருக்கிறது. நச்சுக்கொடி மஞ்சள் பையில், குளுக்கோஸ் டியூப் சிவப்புப் பையில், நச்சுக்கொடி, ரத்தம் பட்ட பஞ்சு போன்றவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. படித்தோம், அதன்படி அறை கட்டினோம், கழிவை எடுத்துப் போகும் வண்டிக்கு ஒப்பந்தம் போட்டோம், முடிந்தது. எழுதி வைத்தால் எவ்வளவு சுலபம் என்பது அங்கேதான் புரிந்தது.

அதனால் கேட்கிறேன். தீயணைப்பு, உள்ளாட்சி, மாசு கட்டுப்பாடு வாரியம், இணை இயக்குநர் ஆபீஸ், எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து வாருங்கள். குறை எதுவானாலும் ஒரே தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். ஒன்றோடு ஒன்று மோதினால் எது மேல் என்று அங்கேயே முடிவு செய்யுங்கள். பழைய ஊர்களில் பெரும்பாலான நர்சிங் ஹோம்கள் ஒடுக்கமான மனையில்தான் வரும். உயிர் காக்கிற வெளிப்படிக்கட்டுக்குச் செட்பேக்கில் எந்த அளவுக்கு இடம் உண்டு என்று ஒரு சுற்றறிக்கை வந்தாலே பாதி அலைச்சல் தீரும். பதிவுச் சான்று 5 வருடத்துக்குத் தருகிறீர்கள். மற்றச் சான்றுகளின் காலாவதியும் அதோடு சேர்ந்து வரும்படி செய்ய முடியுமா என்று பாருங்கள்.

இந்த மடலை எழுதிக்கொண்டிருக்கும்போது, ஏழு மாதக் கர்ப்பத்தோடு பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வந்து, "டாக்டரம்மா, மார்ச்சுக்குள்ள திறந்துடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இன்னும் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். நீங்கள் வருகிற தேதியைச் சொன்னால் அவளுக்கு நான் சரியான பதில் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
தாலுகா ஊர் மகப்பேறு மருத்துவர் ஒருவர்