ஓய்வு அந்தக் கைக்கு மட்டும்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் காறை எலும்பு, அதாவது கழுத்துக்குக் கீழே தோளை நோக்கிப் போகும் எலும்பு, முறிவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எப்போது தகடு வைக்க வேண்டும், எப்போது கையைத் தொங்கல் கட்டில் போட்டு விட்டாலே போதும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. கடைசி வரிதான் உறுத்தியது. 'முழு ஓய்வு அவசியம்' என்று முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்னென்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் தவில் வாசிப்பவன். வயது ஐம்பத்து நான்கு. வைகாசியில் ஒரு முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் பைக்கில் போகும்போது, ரோட்டில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் சறுக்கி இடது தோள் மேல் விழுந்தேன். தவில் எங்கள் செட்டு ஆட்களோடு வேனில் முன்னாலேயே போய்விட்டதால் அது தப்பித்தது. காறை எலும்பு முறிவு. ஆபரேஷன் வேண்டாம், தானாகக் கூடிவிடும் என்றார்கள். சீட்டில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தது 'ரெஸ்ட், ஆறு வாரம்'. அத்தோடு சரி.

வீட்டில் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? கட்டிலை டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டார்கள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட என் மனைவி ஓடி வந்தாள். காலையில் ஆட்டுக்கால் சூப்பு, பார்க்க வருகிறவர்கள் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், இடையில் மாம்பழம். எங்கள் செட்டில் நாதஸ்வரம் வாசிக்கும் அண்ணன் வந்து, ஆந்திராவில் புத்தூருக்குப் போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம், கார் சொல்லட்டுமா என்று அரைநாள் பிடிவாதம் பிடித்தார். அவருடைய பிரியம் அது. எனக்கு ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. படுத்தே தின்றால் அது என்ன ஆகும்? அடுத்த பரிசோதனையில் கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது.

தவில்காரனுக்குக் கைதான் மூலதனம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. சுவாமி புறப்பாட்டில் பத்துக் கிலோவுக்கு மேல் உள்ள வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு வீதியும் வர வேண்டும். முன்பெல்லாம் தோல் வார் போட்டு இழுத்துக் கட்டியிருப்போம். இப்போது எவர்சில்வர் வளையமும் நட்டும் போல்ட்டும் வந்த பிறகு கனம் இன்னும் கூடிவிட்டது. புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி தொடங்கி சுவாமி நிலைக்கு வரும்வரை நிற்பது கால், தாங்குவது இடுப்பு, கடைசிவரை வருவது மூச்சு. இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தவன் எலும்பு கூடியதும் போய்த் தவிலை மாட்டினால் கை வாசிக்கும், கால் நிற்காது.

இதை எனக்குப் புரிய வைத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். "ஐயா, ஓய்வு அந்தக் கைக்குத்தான். மத்த மூணும் என்ன தப்புப் பண்ணுச்சு?" என்று கேட்டது. 2007-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வையும் சொன்னது: நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தபோது, காலில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துவிட்டதாம். பத்தே நாள்! அதைக் கேட்டதும் என் மனைவியே கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டாள்.

அப்புறம் அந்தப் பெண் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் செய்தேன். கட்டு இருக்கும்போதே விரல்களை மடக்கி விரிப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை நீட்டி மடக்குவது. இல்லாவிட்டால் தோளில் அடிபட்டதற்கு முழங்கையும் சேர்ந்து இறுகிவிடும். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது காலுக்கு. கேட்கச் சுலபமாக இருக்கும்; நிதானமாகச் செய்து பாருங்கள், தொடை சொல்லும். டாக்டர் சரி என்ற பிறகு, முன்னால் குனிந்து நல்ல கையை மேஜையில் ஊன்றி, அடிபட்ட கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு யானைத் துதிக்கை போல மெல்ல ஆட்டுவது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகமாம். அதனால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று கறாராகச் சொன்னது.

வலது கைச் சாதகத்தையும் நிறுத்த வேண்டாம் என்றது. ஒரு கையைப் பழக்கினால் சும்மா இருக்கும் இன்னொரு கைக்கும் அதில் கொஞ்சம் பலம் போகும் என்பதை 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சர் என்பவர் எழுதி வைத்திருக்கிறாராம். அந்தக் கைத் தசை பெருத்துவிடும் என்பதில்லை, நரம்பு மறக்காமல் இருக்கும். எனக்கு அது போதும். வாசிக்கும்போது விரல்களில் போடும் கூடு மாட்டாமல், மடியில் தலையணையை வைத்துக்கொண்டு, வலது கை வாசிக்கும் பக்கமான வலந்தலையின் சொற்களை மட்டும் வாசித்தேன். இடது கைக் கழியால் வாசிக்க வேண்டியதை வாயால் சொல்லிக்கொண்டேன்.

நடைக்கு மகாமகக் குளக்கரை. அதைச் சுற்றிலும் பதினாறு மண்டபங்கள் இருப்பது வெளியூர் வாசகர்களுக்கும் தெரிந்திருக்கும். எந்த வேகத்தில் நடப்பது என்று கேட்டேன். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம் என்றது அந்தப் பெண். எங்களுக்கு அது தோதாகிவிட்டது. தகதிமி தகஜொணு என்று தாளச் சொற்களான சொல்லுக்கட்டைச் சொல்லிக்கொண்டே நடப்பேன். முதல் காலம் தடையில்லாமல் வரும்; அதையே இரட்டை வேகத்தில் சொல்லும் இரண்டாம் காலத்தில் மூச்சு வாங்கினால் வேகம் சரி என்று அர்த்தம். குளக்கரையில் எதிரே வருகிறவர்கள் முதலில் ஒரு மாதிரி பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது இந்த வேகத்தில் உடம்பு அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கை உடைந்தவனும் அந்தக் கணக்கை முடிக்கலாம்.

ஆனால் ஒரு கை கட்டியிருக்கும்போது தடுமாறினால் பிடித்துக்கொள்ள முடியாது. ஈரப் படியில் இறங்கக் கூடாது, இருட்டில் நடக்கக் கூடாது, எலும்பு கூடும்வரை ஓடுவதும் குதிப்பதும் கிடையாது, பைக் பக்கமே போகக் கூடாது. விரல் மரத்துப்போனால், வீங்கினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இதெல்லாம் கண்டிப்பு. இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஆயுசு முழுக்கத் தோளில் வார் போட்டு இழுத்தவன் நான். அந்தத் தொங்கல் கட்டின் மெல்லிய பட்டை கழுத்தை அறுத்த அறுப்பை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு பழைய வேட்டித் துண்டை மடித்து அடியில் வைத்த பிறகுதான் தூங்கினேன்.

இதை என் சொந்தக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். திருபுவனத்தில் பட்டு நெசவு, சுவாமிமலையில் சிலை வார்ப்பு, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு. அத்தனையும் கைத்தொழில். தோளோ மணிக்கட்டோ உடைந்தால் ஒன்று, மாதக்கணக்கில் முடங்கிப் படுக்கிறார்கள். இல்லையென்றால் கூலி போகிறதே என்று எலும்பு கூடும் முன்பே பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். பெரியவர்களுக்கு இந்த எலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும் என்பதையும், அந்த வாரங்களில் என்ன செய்யலாம் என்பதையும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. வீட்டுப் பெண்களுக்கு மணிக்கட்டு உடைந்தால் இந்த ஓய்வும் இல்லை. ஒற்றைக் கையால் மாவு பிசைகிறார்கள்.

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாமல் சிகிச்சை தரும் திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு கொண்டுவந்தது. எத்தனையோ பேருக்கு அது உயிர்ப்பிச்சை, அதில் சந்தேகமில்லை. நான் கேட்பது அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் வாரங்களைப் பற்றி. அதே வருடம் ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற, வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசுத் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்களும், அதாவது பிசியோதெரபிஸ்டுகளும், இருக்கிறார்கள். படுத்த படுக்கையானவர்கள் வீட்டுக்கு அவர்கள் போவது சரிதான். படுக்கையில் விழாமல் இருக்க வேண்டியவர்களையும் ஒருமுறை பார்த்தால் நல்லது. அதுவும் முடியாதென்றால், கைமுறிவுக்குக் கட்டுப் போட்டு அனுப்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு தாள் கொடுக்கலாம். தமிழில், இந்த வாரம் இதைச் செய், இதைச் செய்யாதே என்று. அச்சடிக்க என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

எனக்கு எலும்பு கூடிவிட்டது. உட்கார்ந்து வாசிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. தோளில் மாட்ட இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆவணி முகூர்த்தங்களில் புறப்பாடு இல்லாதவற்றை மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையின் தொடர்ச்சியாக, இயன்முறை சிகிச்சையாளர் ஒருவரைக் கொண்டே இந்தப் பயிற்சிகளை எழுத வைத்து, படத்தோடு வெளியிடுங்கள். வெட்டிச் சுவரில் ஒட்டிவைக்கிற அளவில் இருந்தால் நல்லது. எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். எங்கள் செட்டில் பாதிப் பேர் கண்ணாடி போட மாட்டார்கள்.

இப்படிக்கு,
தவில் வாசிக்கும் வாசகன்,
கும்பகோணம்.