வாசிப்புக் கருவி வாங்கக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

பார்வையில்லாத, படிக்கத் திணறும் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளுக்கு வாசிப்புத் துணைக் கருவிகள் வாங்கும் வேலையில் கூடவே நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

முதல் நன்றி சிறப்பாசிரியர்களுக்கு. விலைப்பட்டியலைத் தொடும் முன்பே, எந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று ஆள்வாரியாக எழுதிக் கொடுத்தீர்கள். வரிமேல் நகர்த்தினால் உரக்கப் படிக்கும் வாசிப்புப் பேனா, எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு உதவும். பார்வையே இல்லாத பிள்ளைக்கு வரி எங்கே ஓடுகிறதென்று எப்படித் தெரியும்? அந்தப் பேனா தமிழ் படிக்குமா என்று முதலில் கேட்டதும் நீங்கள்தான்.

சோதித்துப் பார்த்த மாணவர்களுக்குத் தனி நன்றி. விற்பவர் கொண்டுவரும் மாதிரிக் கோப்பில் எல்லாக் கருவியும் தேனாய்ப் படிக்கும். நீங்கள் எடுத்து வைத்ததோ உங்கள் பாடப்புத்தகப் பக்கம்: இரண்டு பத்தி, ஓர் அட்டவணை, நடுவில் ஆங்கிலச் சொல். கோளாறு அங்கேதான் வெளிப்பட்டது. ஆங்கில விசைக் குறிகளைத் தமிழ் வடிவில் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்பில் நம் கண்ணுக்கு ‘அம்மா’ தெரியும். திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானுக்குக் கிடைப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எவ்வளவு விலை கொடுத்தாலும் இதைக் குரல் சரிசெய்யாது. தமிழ் எழுத்துக்கே தனிக் குறி தரும் யூனிகோடுக்குக் கோப்பை மாற்றினால்தான் வழி.

மாற்றிக் கொடுத்த தன்னார்வலர்களே, உங்கள் உழைப்பு எந்த ரசீதிலும் இல்லை. அச்சுப் பக்கங்களை 300 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து, தையலோரம் வளையும் வரிகளை நிமிர்த்தி, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தறியும் எழுத்துணரி மென்பொருள் துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பிய இடமெல்லாம் திருத்தினீர்கள். ஒரு புள்ளி விடுபட்டால் ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். கேட்டுப் படிக்கும் பிள்ளைக்கு அது வேறு சொல்.

கணினி அறைப் பொறுப்பாளர்களுக்கு நன்றி. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம் என்று எடுத்துச் சொல்லி, மிச்சமான தொகையைத் தலையணி ஒலிக்கருவிக்கும், திரையின் எழுத்தை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பும் பிரெய்ல் டிஸ்பிளேவுக்கும் திருப்பினீர்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுக் குரல் வருகிறதா என்று பார்த்தீர்களே, அதுதான் சரியான சோதனை. தேர்வறையில் இணையம் இருக்காது.

பிரெய்ல் டிஸ்பிளே விஷயத்தில் 20 கட்டம் போதும் என்பது எங்கள் முதல் கணக்கு. பிரெய்ல் ஆசிரியர் ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்ற ஒரே சொல்லை எண்ணிக் காட்டினார். பிரெய்லில் எழுத்தோடு சேரும் உயிர்க்குறிக்குத் தனியே ஒரு கட்டம், புள்ளிக்குத் தனியே ஒரு கட்டம், மொத்தம் 22. சொல் முடியும் முன்பே பலகை தீர்ந்துவிடுகிறது! நெடும்பாடம் படிப்பவர்களுக்கு 40 கட்டம் என்று ஆர்டரை மாற்றினோம். ஈரக்கையோடும் எண்ணெய்க்கையோடும் தொட்டால் ஊசிகள் சிக்கும் என்று அவர் எழுதித் தந்த தாள் ஒவ்வொரு கருவியோடும் போகிறது.

கணக்குப் பிரிவினருக்கு: உத்தரவாதக் காலம் பெட்டி வந்த நாளிலிருந்து இல்லை, கருவி நிறுவிய நாளிலிருந்து என்று கொள்முதல் ஆணையில் சேர்த்தீர்கள். மென்பொருள் உரிமம் கணினிக்கா, மாணவருக்கா என்பதையும் எழுத்தில் வாங்கினீர்கள். ஆசிரியர் பயிற்சி நாள்களும் அதே ஆணையில் ஏறின. நன்றி.

கணிதப் பாடப்புத்தகம் மட்டும் பாக்கி. மேலும் கீழுமாக அச்சான முக்கால், எழுத்துணரியிடம் 34 ஆகிவிடுகிறது. பின்னங்களைக் கையால் அடித்துத் தர முன்வரப்போகிறவர்களுக்கு இப்போதே எங்கள் நன்றி.