ஜனங்கள் மாறுவார்களா என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

"இந்த ஜனங்கள் திருந்தவே மாட்டார்கள் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த 'மாட்டவே மாட்டார்கள்' என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சீனாவில் பெண் குழந்தைகளுக்குக் கால் கட்டிய வழக்கத்தை எடுத்துக்கொள். ஐந்தாறு வயதில், கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்களை உள்ளங்காலுக்கு அடியில் மடக்கித் துணியால் இறுக்குவார்கள். எலும்பு முறியும், புண் அழுகும். கட்டியது பெரும்பாலும் பெற்ற தாய். அதே வலியை அனுபவித்தவள்தான். கட்டாவிட்டால் நல்ல இடத்தில் மாப்பிள்ளை கிடைக்காதே என்ற பயம். ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் நஷ்டம். 17ஆம் நூற்றாண்டிலேயே சீனாவை ஆண்ட மஞ்சு வம்ச அரசர்கள் தடை போட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சில சங்கங்கள் கிளம்பின. சேருகிற குடும்பங்களிடம் வாக்கு வாங்கினார்கள்: மகளுக்குக் கால் கட்ட மாட்டோம், கால் கட்டிய பெண்ணை மகனுக்கு எடுக்கவும் மாட்டோம். இரண்டாவது வாக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. கட்டாத பெண்ணுக்கும் வரன் உண்டு என்று ஆகிவிட்டதே! நூற்றாண்டுகளாக அசையாத வழக்கம் பல இடங்களில் ஒரே தலைமுறையில் ஆட்டம் கண்டது. 1912இல் மன்னராட்சி போய் வந்த சீனக் குடியரசும் தடை போட்டது. உள்ளொதுங்கிய ஊர்களில் இன்னும் கொஞ்ச காலம் இழுத்தது, அது வேறு.

அப்புறம் சுவிட்சர்லாந்து. பெண்களுக்கு ஓட்டு தரலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு பேர் கூடாது என்றார்கள். 1971இல் ஏறக்குறைய அதே அளவு பேர் சரி என்றார்கள். பெரும்பாலும் அதே ஆட்கள்தான்! அப்பன்செல் இன்னர்ரோடன் என்ற குட்டி மாநிலம் மட்டும் தன் மாநில விவகாரங்களில் பெண்களுக்கு ஓட்டு தர மாட்டேன் என்று 1990 வரை பிடிவாதம் பிடித்தது. அங்கே ஊர் கூடிக் கை தூக்குவதுதான் ஓட்டு. ஆண்களுக்கு இடுப்பில் தொங்கும் வாளே வாக்காளர் அட்டை. பக்கத்தில் நிற்பவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது தனியாகக் கை தூக்குவது லேசுப்பட்ட காரியமா? கடைசியில் உச்ச நீதிமன்றம்தான் முடித்துவைத்தது.

அதனால் உன்னிடம் முறைத்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் மனதார அப்படி நம்புகிறார்கள் என்று நினைக்காதே. பாதிப் பேருக்கு 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதுதான் கவலை. அந்த நாலு பேரும் இவர்களை நினைத்துப் பயந்துகொண்டிருப்பார்கள். அடுத்த முறை கூட்டத்தில் வாதாடாமல், யாராவது ஒருவரிடம் தனியாகப் பேசிப் பார். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா